வெளிநாட்டில் பிறந்த பிள்ளை நம் வளவுக்கு வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகள் தாய்லாந்தில் பிறந்தவள். நாங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கே வாழ்ந்த காலத்தில், மூன்று வயது நிறைவதற்குச் சற்று முன்பு தத்துப் பிள்ளையாக எங்கள் கைக்கு வந்தாள். நாங்கள் நகரத்தார்; இப்போது காரைக்குடிக்கு அருகில், என் மாமனார் வீட்டில் குடியிருக்கிறோம். கல்யாண வீடுகளிலும் கோவில் வாசலிலும் தொலைபேசியிலும் ஒரே ஐயங்களைப் பலரும் கேட்டுவருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் தங்கள் மகனோ மகளோ இதே முடிவை எடுக்கப்போவதால் கேட்பவர்களும் அவர்களில் உண்டு. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

நம் ஊரிலேயே பெற்றோர் இல்லாத பிள்ளைகள் இருக்கும்போது, ஏன் தாய்லாந்து வரைக்கும் போனீர்கள்?

எந்த நாட்டில் தத்தெடுப்பது என்பது பெற்றோரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அவர்கள் வாழும் நாட்டின் சட்டமும் குழந்தை பிறந்த நாட்டின் சட்டமும் இடம் தர வேண்டும். நாங்கள் அணுகிய நிறுவனம் தாய்லாந்து அரசோடு சேர்ந்து பணியாற்றியது. எங்கள் வயதும் சூழ்நிலையும் அந்நாட்டின் விதிகளுக்குப் பொருந்தின. நாடு கடந்த தத்தெடுப்புக்கு 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையே அடிப்படை. பிறந்த குடும்பத்திலும், அது இயலாதபோது பிறந்த நாட்டிலும் குழந்தைக்கு இடம் தேடிய பிறகே வெளிநாட்டுக் குடும்பத்தைக் கருத வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இதை 2003இல் ஏற்றது; அமெரிக்காவில் இது 2008இல் நடைமுறைக்கு வந்தது.

இங்கேயே வசிக்கும் தம்பதியர் ‘காரா’ எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, நம் நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கலாம். தரகர் மூலமோ, மருத்துவமனையில் தெரிந்தவர் மூலமோ ‘கைமாற்றாக’ வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டை நாடுவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: நாடுகள் தங்கள் கதவை மூடிவிடுவதும் உண்டு. எத்தியோப்பியா 2018இலும் சீனா 2024இலும் மூடின. பாதி வழியில் நின்றுபோன குடும்பங்கள் பல.

பிள்ளையைப் பெற்றவர்கள் யார்? ஏன் விட்டுவிட்டார்கள்?

இதற்கு நான் யாரிடமும் விடை சொல்வதில்லை, மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த விவரம் என் மகளுடையது. தன் வாழ்வின் முதல் பகுதியை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை வளர்ந்தபின் அவளே முடிவு செய்ய வேண்டும். நான் இன்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அவள் அறிவதற்கு முன்பே ஊர் அறிந்துவிடும். ‘அவளுக்கு ஒரு கதை இருக்கிறது, அதை அவளே சொல்வாள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் மக்கள் அதைப் புரிந்துகொள்கிறார்கள்.

பிள்ளை வந்து ஆறு மாதம் ஊருக்கே கூட்டிவரவில்லையே, அப்பத்தாவும் ஐயாவும் பார்க்கக்கூடாதா?

எல்லோரையும் மிகவும் வருத்திய முடிவு இதுதான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். தாய்லாந்தின் விதிப்படி, குழந்தை வந்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்றாக மூன்று அறிக்கைகள் போக வேண்டும். அவற்றைப் பார்த்த பின்பே அந்நாட்டு வாரியம் இறுதி ஒப்புதல் தரும். ஆனால் காரணம் காகிதம் மட்டும் அன்று. எங்கள் மகள் அதற்கு முன் குழந்தைகள் இல்லத்தில் இருந்தவள். அங்கே ஒருவர் சோறு ஊட்டுவார், வேறொருவர் குளிப்பாட்டுவார், மூன்றாமவர் தூங்கவைப்பார். முறைப்பணி முடிந்ததும் மூவருமே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அழுதால் வருபவர் ஒருவர், அவர் நாளையும் வருவார் என்னும் அறிவு ஒரு குழந்தைக்குத் தானாக வருவதன்று. நூற்றுக்கணக்கான முறை ஒரே முகம் வந்து நின்றால்தான் வரும். பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இதைப் பற்றுறவு என்று விளக்கினார்.

ஆகவே முதல் மாதங்களில் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழும்போது தூக்குவது ஆகிய நான்கையும் தாயும் தகப்பனும் மட்டுமே செய்ய வேண்டும் என்று சமூகப் பணியாளர் கேட்டுக்கொண்டார். நம் வீடுகளில் இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் நுழைந்தால் ஒரு கை வாங்கும், தூண்கள் சூழ்ந்த நடு முற்றமாகிய வளவில் இன்னொரு கை வாங்கும், இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் பத்துப் பேர் கொஞ்சியிருப்பார்கள். பிறந்தது முதல் தாயின் மடியில் இருந்த பிள்ளைக்கு அது பெரும் செல்வம். நேற்றுவரை யாருடையவளாகவும் இல்லாத பிள்ளைக்கோ, இதுவும் இன்னொரு இல்லம் என்றே படும்.

ஊருக்கு வந்த பிறகும் சில வாரங்கள் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தோம். என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. நாள்தோறும் மாலையில் வளவுத் தூணுக்கு அருகில் உட்கார்ந்து பல்லாங்குழியை எடுத்துவைத்துத் தனியாகவே ஆடத் தொடங்கினார். முதல் நாள் எதிர்த்தூணிலிருந்து பார்த்தவள், அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொரு தூணாக நெருங்கினாள். ஒரு மாலையில் கீழே உருண்ட சோழியை எடுத்து அப்பத்தாவின் கையில் வைத்தாள். அப்பத்தா அவளைத் தூக்கவில்லை, முத்தமிடவில்லை; ‘உன் ஆட்டம்’ என்று மட்டும் சொல்லிக் குழியைக் காட்டினார். அவளாகத் தேடி வந்து ஏற்படுத்திக்கொண்ட அந்த உறவு இன்று எங்கள் எல்லோருடைய உறவையும்விட உறுதியானது.

யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்கிறாள். நல்ல பிள்ளைதானே, இதில் என்ன கவலை?

மேலே சொன்னதோடு தொடர்புடையது இது. இல்லத்தில் வளர்ந்த குழந்தைகள் சிலர் அறிமுகமே இல்லாதவரிடமும் கைநீட்டிப் போவார்கள். கூப்பிட்டால் கூடவே நடந்துவிடுவார்கள். யார் கவனிப்பார் என்பது தெரியாத இடத்தில், எல்லோரையும் கவர்ந்துவைக்கக் கற்றுக்கொண்டதன் விளைவு அது. பார்ப்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பெற்றோருக்கோ, தாங்களும் வழிப்போக்கரும் குழந்தைக்கு ஒன்றுதான் என்று உணர்த்தும் நிலை.

உறவினர்கள் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. பிள்ளை உங்களிடம் ஓடிவந்தால், முகம் மலரச் சிரித்து, ‘அம்மா அங்கே இருக்கிறார், போய்க் கேட்டுவிட்டு வா’ என்று திருப்பி அனுப்புங்கள். மிட்டாயும் பொம்மையும் தருவதானால் தாயின் கையில் கொடுத்து அவர் வழியாகத் தரச் சொல்லுங்கள். புதிய முகத்தைக் கண்டு எங்கள் மகள் முதல்முறையாக என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தபோது, உறவினர் ஒருவர் ‘கூச்சக்காரி ஆகிவிட்டாளே’ என்று வருந்தினார். எனக்கோ அன்று திருவிழா.

தலையணைக்கு அடியில் இடியாப்பத்தை ஒளித்து வைக்கிறாளாமே, வயிறு நிறையப் போடுவதில்லையா?

நன்றாகவே போடுகிறோம். ஒரு காலத்தில் உணவு நேரம் தவறியதையோ, போட்டியிட்டுச் சாப்பிட்டதையோ உடம்பு மறப்பதில்லை. கடிந்துகொண்டால் ஒளிக்கும் இடம்தான் மாறும். கை எட்டும் உயரத்தில் ஒரு தூக்குச்சட்டி வைத்து, அதில் சீப்புச் சீடையும் வாழைப்பழமும் எப்போதும் இருக்கும்படி செய்தோம். கேட்காமலே எடுக்கலாம் என்று சொன்னோம். தட்டில் போட்டதை முழுதும் சாப்பிட்டாக வேண்டும் என்றும் வற்புறுத்தவில்லை. சில மாதங்களில் தூக்குச்சட்டி இருப்பதையே மறந்துவிட்டாள்.

நம் காரத்துக்கு உடனே பழக்க வேண்டாம். முதலில் தெரிந்த சுவை, பிறகு புதியது என்ற வரிசை நல்லது. எங்களுக்குக் கவுனி அரிசி கைகொடுத்தது. பர்மா போய்வந்தவர்கள் வழியாக நம் அடுப்படிக்கு வந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கறுத்த ஒட்டும் அரிசியைத் தாய்லாந்திலும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். வேறு எதையும் தொடாத நாளிலும் அதைக் கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டாள்.

ராத்திரியில் வீரிட்டு அழுகிறாளே, கண்ணேறா, பயந்திருக்கிறாளா?

திருஷ்டி சுற்றிப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. மாமியார் செய்தார், வீட்டுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அழுகையின் வேர் வேறு. அவளை வளர்த்த கைகள், பழகிய பாய், கூடப் படுத்திருந்த பிள்ளைகள், காதில் விழுந்த மொழி என எல்லாமே ஒரே நாளில் அவளிடமிருந்து போய்விட்டன. நமக்கு அது நல்ல நாள். அவளுக்கு அது இழப்பு. சொல்லத் தெரியாத துக்கம் இரவில்தான் வெளிவரும்.

அருகில் படுத்து, பேசாமல் முதுகில் கைவைத்திருப்பதைத் தவிரப் பெரிய மருந்து இல்லை. ‘இப்போதுதான் உனக்கு எல்லாம் இருக்கிறதே, ஏன் அழுகிறாய்’ என்று கேட்கக்கூடாது. இல்லத்தில் தந்த பழைய போர்வையை அழுக்கென்று துவைத்துவிட வேண்டாம். அந்த மணம் அவளுக்கு வேண்டும்.

உங்களுக்கு முதல் நாளிலேயே பெற்ற பாசம் வந்துவிட்டதா?

வரவில்லை. பொறுப்பு முதல் நாளே வந்தது; பாசம் நாளாவட்டத்தில் வந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற பிள்ளை கையில் இருக்கும்போதே மனம் வெறுமையாக இருப்பதும், காரணமின்றி அழுகை வருவதும் தத்தெடுத்த தாய்மார் பலருக்கும், தகப்பன்மார் சிலருக்கும் நேர்வதுண்டு. பிரசவித்தவருக்கு ஊரே பத்தியம் சமைக்கிறது; தத்தெடுத்தவரிடம் ‘உனக்கென்ன, உடம்பா நொந்தது’ என்கிறது. பிள்ளையைத் தூக்க வராமல், இரண்டு வேளைக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போன ஓர் ஆச்சியை நான் என்றும் மறக்கமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தமிழ் எப்போது பேசுவாள்? அவளுடைய பாஷை மறந்துவிடுமா?

பேசுவதற்கு முன் புரிந்துகொள்வாள். சில வாரங்கள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று சொற்களைக் கொட்டுவது இயல்பு. இந்த வயதில் வரும் பிள்ளைகள் புதிய மொழியை வியப்பூட்டும் வேகத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அதே வேகத்தில், கேட்க ஆளில்லாத பழைய மொழியைச் சில மாதங்களில் இழந்தும் விடுகிறார்கள். எனினும் அடியோடு அழிவதில்லை என்று தோன்றுகிறது. சீனாவில் பிறந்து, சிறு குழந்தையாகவே கனடாவில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்குச் சென்ற பிள்ளைகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு சொல்லும் நினைவில்லாதபோதும் அவர்கள் மூளை சீன மொழியின் ஒலி ஏற்ற இறக்கங்களை மொழியாகவே வாங்கிக்கொண்டது தெரியவந்தது. அதனால் நாங்கள் தாய்லாந்து மொழித் தாலாட்டுகளையும் கதைகளையும் வீட்டில் ஒலிக்கவிடுகிறோம்.

பேச்சில் தாமதம் தெரிந்தால் ‘மொழி மாற்றம்தான்’ என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடாமல், முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.

வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லையே, உடம்புக்கு ஏதும் இருக்குமோ?

இல்லத்தில் நெடுநாள் இருந்த குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் பின்தங்கியே வருவார்கள். உணவுக் குறை மட்டும் காரணமன்று. தனிப்பட்ட கவனிப்பு இல்லாமையும் வளர்ச்சியைத் தடுக்கும். குடும்பத்துக்கு வந்தபின் பெரும்பாலும் வேகமாக ஈடுகட்டிவிடுவார்கள். ருமேனியாவில் இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்கு வந்த பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் தலைமையிலான குழு பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. ஆறு மாத வயதுக்குள் வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். பிந்தி வந்தவர்களில் சிலருக்குத் தொல்லைகள் நீடித்தன, பலர் நன்றாகவே வளர்ந்தார்கள்.

வந்தவுடன் முழுப் பரிசோதனை தேவை: இரத்தசோகை, காசநோய், மஞ்சள் காமாலை பி வகை, எச்.ஐ.வி., குடற்புழு, கண், காது, பல். முந்தைய அறிக்கை இருந்தாலும் மீண்டும் செய்ய வேண்டும். சிலவற்றை ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் பார்க்கச் சொல்வார்கள். தென்கிழக்கு ஆசியக் குழந்தைகளுக்கு, இரத்தத்தைப் பாதிக்கும் பரம்பரைக் குறைபாடுகளாகிய தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அவை இருக்கும்போது இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக்கூடாது. தடுப்பூசிச் சீட்டில் ஐயம் இருந்தால் மருத்துவர் மறுபடி போடுவார். அதனால் கெடுதல் இல்லை.

தத்துப் பிள்ளை என்பதை எப்போது சொல்லப்போகிறீர்கள்?

சொல்லிக்கொண்டே இருக்கிறோம். குறித்த ஒரு நாளில் உட்காரவைத்துச் சொல்லும் செய்தியாக இது இருக்கக்கூடாது. ‘நான் எப்போது தெரிந்துகொண்டேன்’ என்பது அவள் நினைவிலேயே இல்லாதபடி, புரியாத வயதிலிருந்தே அவள் காதில் விழுந்துகொண்டிருக்க வேண்டும். பாங்காக்கில் எடுத்த படம், அவளை வளர்த்த இல்லத்தின் வாசல், வந்த விமானச் சீட்டு எல்லாவற்றையும் ஒட்டி ஒரு புத்தகம் செய்திருக்கிறோம். தூங்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் புரட்டுவாள். தெரியாதவற்றை ‘எங்களுக்குத் தெரியாது’ என்றே சொல்கிறோம். அழகான பொய் எதையும் சேர்ப்பதில்லை.

மறைப்பது இயலாதது என்பதும் உண்மை. முகம் பார்த்தாலே தெரியும். தெரியாமல் வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள், கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் வாயிலிருந்து அது வரும் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெயரை மாற்றிவிட்டீர்களா?

மாற்றவில்லை, சேர்த்தோம். எங்கள் வீட்டு வழக்கப்படி மாமனாரின் தாயார் பெயரை முதலிலும், அவள் கொண்டுவந்த பெயரை அடுத்தும் வைத்தோம். வந்தபோது அவளோடு வந்த உடைமைகள் மிகச் சில. பெயர் அவற்றுள் ஒன்று.

பேருந்தில் ‘நேபாளமா, மணிப்பூரா, யார் பிள்ளை’ என்று கேட்டால் என்ன சொல்வது?

‘என் மகள்’ என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். கேட்பவரைவிட, பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்காகவே அந்த விடை. ‘இவளுக்கு வாழ்வு கொடுத்தீர்கள், பெரிய புண்ணியம்’ என்பவர்களிடம் மட்டும் சற்று நின்று பேசுவேன். நாங்கள் தருமம் செய்யவில்லை. பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெற்றோம். நன்றிக்கடன் பட்டவளாக ஒரு பிள்ளை வளர்ந்தால், கோபித்துக்கொள்ளவும் அடம்பிடிக்கவும் அவளுக்கு உரிமை இல்லாமல் போய்விடும்.

பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்வார்கள், ‘பிறந்தபோது எடுத்த படம்’ கேட்பார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆசிரியரைச் சந்தித்து, ‘உன் சிறு வயதுப் படம்’ என்று கேட்டால் போதும் என வேண்டிக்கொண்டோம். வேரும் கிளையும் ஆக இரண்டு குடும்பங்களையும் வரையலாம் என்று ஆசிரியரே யோசனை சொன்னார்.

அவள் நாட்டுப் பண்டிகையையும் கொண்டாடுகிறீர்களாமே, இரண்டும் சேர்ந்தால் குழம்பிவிடாதா?

குழம்பவில்லை. தாய்லாந்தின் புத்தாண்டாகிய சொங்கிரான் ஏப்ரல் 13இல் தொடங்குகிறது. நம் சித்திரைப் பிறப்பு மறுநாள். சூரியன் மேட ராசிக்குள் நுழைவதே இரண்டுக்கும் மூலம். அன்று அங்கே இளையவர்கள் பெரியவர்களின் உள்ளங்கைகளில் மணநீர் ஊற்றி ஆசி பெறுவார்கள். எங்கள் மகள் பித்தளைச் செம்பில் மல்லிகைப் பூ மிதக்க நீர் எடுத்துவந்து, ஐயா, அப்பத்தா கைகளில் ஊற்றுகிறாள். இருவரும் அதற்காக முந்தைய நாளே வெற்றிலை பாக்கு வாங்கி வைக்கிறார்கள்.

அவளுடைய நாடு நமக்கு அந்நியமும் அன்று. தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டில் ஒரு குளமும் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவும் குறிக்கப்பட்டுள்ளன. இதைச் சொன்ன நாளிலிருந்து, நம் ஊரணியைக் காட்டி ‘என் ஊரிலும் உங்கள் ஆள்கள் குளம் வெட்டினார்கள்’ என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறாள்.

நம்மில் பிள்ளை கூட்டுவதென்றால் ஒரே கோவிலைச் சேர்ந்த வீட்டிலிருந்துதானே? இந்தப் பிள்ளையைக் கோவிலில் எப்படிச் சேர்ப்பீர்கள்?

நகரத்தார் வழக்கத்தில் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, வம்சம் தொடரவும், கோவில் கணக்கில் ஒரு குடும்பத்தைக் குறிக்கும் புள்ளி நிலைக்கவும் ஏற்பட்டது. ஒன்பது கோவில்களுள் தத்தம் கோவிலைச் சேர்ந்த குடும்பத்தில் ஆண்பிள்ளையை, பெரும்பாலும் வளர்ந்தபின், கூட்டிக்கொள்வார்கள். ஒரு குழந்தைக்குக் குடும்பம் அமைத்துத் தரும் இன்றைய சட்டத் தத்தெடுப்பின் நோக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் மனத்தாங்கல் வருகிறது. திருமணமான பிறகே புள்ளி என்ற கணக்கு என்பதால், சிறு பிள்ளையைப் பற்றி இன்று யாரும் முடிவெடுக்க வேண்டியதும் இல்லை. திருமணத்துக்குக் கோவிலிலிருந்து வரும் மாலை பற்றிய பேச்சு அவள் திருமணத்தின்போது எழலாம். அன்று பெரியவர்கள் என்ன சொன்னாலும், அதை அவள் முதன்முதலாகக் கேட்பவளாக இருக்கக்கூடாது என்பதால், வழக்கத்தை வயதுக்கு ஏற்றபடி விளக்கி வருகிறோம்.

வீட்டுச் சடங்குகளில் எந்த வேறுபாடும் இல்லை. பிள்ளையார் நோன்பன்று மாமனார், மாவில் பதித்துச் சுடர் ஏற்றிய இழையை எல்லோருக்கும் கொடுத்த வரிசையில், வயதுப்படி அவள் முறை வந்ததும் அவளுக்கும் கொடுத்தார். சுடரோடு வாயில் போட வேண்டும் என்பதைக் கண்டு ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அவளுக்குப் பங்கு உண்டா? பங்காளிகள் ஒத்துக்கொள்வார்களா?

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்தெடுக்கப்பட்ட குழந்தை, எல்லா வகையிலும் தத்தெடுத்தவர்களுக்குப் பிறந்த குழந்தையாகவே கருதப்படும். 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டமோ, தத்துப்போகும் பிள்ளையும் இந்துவாக இருக்க வேண்டும் என்கிறது. எங்களைப் போல வெளிநாட்டில் தத்தெடுப்பு முடிந்திருந்தால், அந்த ஆணை இங்குள்ள பரம்பரைச் சொத்தை எப்படித் தொடும் என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

நம் பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொது. பொதுப் பங்கைப் பற்றிய பேச்சைப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசிவிட வேண்டும். தாமே ஈட்டிய சொத்துக்கு, மகளின் பெயரைத் தெளிவாகக் குறித்துப் பதிவு செய்த உயில் எழுதிவைக்க வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்துவிட்டோம்.

குடியுரிமை தானாக வந்துவிடுமா?

தத்தெடுப்பு ஆணையும் குடியுரிமையும் வேறு வேறு. அமெரிக்காவில், 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, குடிமக்களால் தத்தெடுக்கப்பட்டு நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு அங்கே வந்து வாழும் 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது தானாகவே கிடைக்கும். அதற்கு முன் வந்தவர்களில், பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியதால் நடுவயதில் நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. ஆகவே கிடைத்துவிட்டது என்று எண்ணியிராமல் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். இந்தியக் குடிமக்களாகிய பெற்றோர் வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்தால், காராவின் ஒப்புதல், விசா, பிறகு 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு என்று தனித்தனிப் படிகள் இருக்கின்றன.

இவ்வளவும் செய்து வளர்த்தபின், பெரியவளாகிப் பெற்றவளைத் தேடிப் போய்விட்டால்?

போகலாம். கொரியாவிலிருந்து 1953இல் முடிந்த போருக்குப் பின் மேலை நாடுகளுக்குத் தத்துப்போனவர்களில் பலர், நல்ல குடும்பங்களில் அன்போடு வளர்ந்த பிறகும், பிறந்த ஊரைத் தேடிச் சென்றிருக்கிறார்கள். வளர்த்தவர்கள்மீது குறை இருப்பதால் தேடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். தன் மூக்கும் கையும் யாருடையவை என்று அறிய விரும்புவது மனித இயல்பு. தேடாமலே இருப்பவர்களும் உண்டு; அதையும் குறையாகக் கருதக்கூடாது.

அவளுடைய கோப்பு பாங்காக்கில் அரசின் தத்தெடுப்பு மையத்தில் இருக்கிறது. அதன் எண், இல்லத்தின் முகவரி, எங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு தாள் ஆகியவற்றின் படிகளை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். அவள் கேட்கும் வயதில் அவற்றைக் கொடுத்துவிடுவோம். கூட வரச் சொன்னால் போவோம், தனியாகப் போக வேண்டும் என்றால் வழிச்செலவுக்குக் கொடுத்து அனுப்புவோம். அப்பத்தா இப்போதே, ‘போகும்போது அந்த அம்மாவுக்கு ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்’ என்று சொல்லிவைத்திருக்கிறார்.